வெண்கலப் பெண்ணின் கால் நகம்

பிரேக் மாஸ்டர் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுக்கிறவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமல்லவா, அதன்மேல் வைத்த காலை அவர் வீட்டுக்கு வந்த பிறகும் எடுக்கமாட்டார். மகள் மாடிப்படியில் தடதடவென்று இறங்கினால் சோபாவில் இருந்தபடியே அவர் கால் தரையை அழுத்தும். தொலைக்காட்சியில் கதாநாயகன் மலைப்பாதையில் வண்டியைத் திருப்பினாலும் அழுத்தும். மற்றபடி சாது. ஊர் உலகத்தைச் சந்தேகப்படுகிற வேலையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார்.

மனைவி தையல்காரி. அளந்ததை மறுபடி அளக்காமல் கத்தரியைத் தொடமாட்டாள். தொழிலுக்கு அது நல்லதுதான், ஆனால் வாழ்க்கையையும் அவள் அப்படித்தான் அளந்தாள். ஒரு டாக்டர் சொன்ன நோயை இன்னொரு டாக்டரிடம் போய்ச் சரிபார்ப்பாள். கணவர் தலைவலி என்றால் எந்தப் பக்கம் என்று கேட்பாள். கொஞ்ச நேரம் பொறுத்து, பேச்சுவாக்கில் கேட்பதுபோல, மறுபடியும் எந்தப் பக்கம் என்று கேட்பாள். மாஸ்டர் பக்கத்தை மாற்றிச் சொல்லிவிட்டால் அன்றைக்கு மாத்திரை கிடைக்காது.

அப்படிப்பட்டவள் சந்தேகப்படாத பொருள் அந்த வீட்டில் இரண்டே இரண்டு. தொலைக்காட்சிக்கு இரண்டு பக்கமும் நின்ற வெண்கலப் பெண்கள். முதுகில் இறக்கை, உடம்போடு ஒட்டிய மெல்லிய ஆடை. ஒரு காலைப் பந்தின்மேல் ஊன்றி, மறுகாலைக் காற்றில் விட்டு, இரண்டு கைகளாலும் ஒரு மலர்வளையத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருப்பார்கள். வளையத்திலிருந்து மெழுகுவத்தி செருகும் கிளைகள் பிரியும். இறக்கைக்கும் வளையத்துக்கும் தங்க முலாம், உடம்பு கறுத்த வெண்கலம், பீடத்தில் சிங்கக் கால்கள். பிரான்சில் மன்னர்களும் மாமன்னர்களும் பழைய கிரேக்கத்தைக் கனவு கண்டுகொண்டிருந்த காலத்து வேலைப்பாடு. மனைவியின் அப்பா கப்பலில் சமையல்காரராக இருந்தவர். அந்தக் கப்பலை உடைக்கப் போட்டபோது, அவர் கைச் சமையலிலேயே காலம் தள்ளிய கப்பல் தலைவர், தன் அறையில் இருந்த இந்த இரண்டையும் கொடுத்து அனுப்பினாராம். மனைவி ஒருத்தியை அக்கா என்பாள், இன்னொருத்தியைத் தங்கை என்பாள். யார் அக்கா என்று மாஸ்டருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. கேட்கவும் பயம்.

அந்தப் பெண்களின் கால் நகங்கள் மட்டும் நல்ல சிவப்பு. அது பிரான்சில் பூசியதல்ல. மகள் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன அன்று, தனியாகப் போகமாட்டேன் என்று அழுதவள், அம்மாவின் நகப்பூச்சுப் புட்டியைத் தேடி எடுத்துத் தனக்கும் பூசி, அக்காவுக்கும் தங்கைக்கும் பூசிவிட்டாள். எல்லாரும் சேர்ந்து கிளம்பலாம் என்பது ஏற்பாடு. இடது கால் சுண்டுவிரலை மட்டும் மூவருக்குமே விட்டுவிட்டாள். அவள் கண்ணுக்கு அது ஒரு விரலாகவே பட்டதில்லை. வளர்ந்து ஆளான பிறகும் தன் காலில் அதை விட்டுவிடுவாள். அன்று அடிக்க ஓங்கிய கையை மனைவி இறக்கிவிட்டாள். அன்றிலிருந்து தூசி துடைக்கும்போது அந்த நகங்களைச் சுற்றிக்கொண்டுதான் அவள் துணி போகும்.

இப்போது அந்த மகளுக்குக் கல்யாணமாகி, மாப்பிள்ளையோடு வெளிநாட்டில் குடியேறப் போகிறாள். அக்கா அவளோடு போகட்டும், தங்கை நம்மோடு இருக்கட்டும் என்று மனைவி சொன்னாள். தையல் மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், அதனால் மாஸ்டர் அவள் முகத்தைப் பார்க்க முயலவில்லை. அவரும் சரி என்று தலையை மட்டும் ஆட்டினார்.

பழைய உலோக அலங்காரச் சாமான் நாட்டைவிட்டுப் போகவேண்டுமென்றால், அது உண்மையில் பழையதல்ல என்று பழம்பொருள் மெய்ப்புப் பேரவை சான்றிதழ் தரவேண்டும். மாஸ்டர் சிலையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு கிளம்பியபோது மனைவி வாசலில் மறித்தாள்.

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்குங்க. இது போலின்னு உங்க வாயால சொல்லிடாதீங்க. எங்கப்பாவைப் பொய்யர்னு சொன்ன மாதிரி ஆயிடும்."

"அசல்னு சொன்னா திருப்பித் தரமாட்டாங்களாமே?"

"அசல்னும் சொல்லாதீங்க."

அசலென்றும் சொல்லாமல் போலியென்றும் சொல்லாமல் என்ன சொல்வது என்று யோசித்தபடியே அவர் பேரவைக்குப் போய்ச் சேர்ந்தார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்கப் போகிறோம் என்று அவருக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

பேரவையின் வாசலில் 'ஐயமே எங்கள் அறம்' என்று பெரிய எழுத்தில் பொறித்திருந்தது. காவலாளி அவருடைய அடையாள அட்டையை வாங்கி, படத்தையும் அவரையும் மாறிமாறிப் பார்த்து, படத்தில் இருப்பவர்தான் நம்பும்படியாக இருக்கிறார் என்று வருத்தத்தோடு உள்ளே விட்டார். உள்ளே எல்லோரும் வெள்ளைக் கையுறை போட்டிருந்தார்கள். மாஸ்டருக்கும் ஒரு ஜோடி கொடுத்தார்கள். போட்டுக்கொண்டதும், ஏன் கைரேகை படாமல் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

பேரவைத் தலைவர் தடித்த மனிதர். நாற்காலியில் உட்காருமுன் அதை ஒருமுறை ஆட்டிப் பார்க்கிறவர். அவர் பொறுமையாக விதிகளை விளக்கினார். மெய்யானது என்று தெரிந்தால் அது நாட்டின் சொத்து, இங்கேயே இருக்கும். போலி என்று தெரிந்தால் எடுத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். சந்தேகமாக இருந்தால், சந்தேகம் தீரும்வரை இங்கேயே இருக்கும்.

"சந்தேகம் எப்பங்க தீரும்?"

"இதுவரைக்கும் எதுக்கும் தீர்ந்ததில்ல" என்றார் தலைவர். குரலில் பெருமை இருந்தது.

பிறகு அவர் அக்காவைச் சுற்றி ஒரு வலம் வந்தார். அக்காலப் பிரெஞ்சுக் கலைஞர்களுக்குச் சமச்சீர் என்றால் உயிர். குளிர் காயும் கணப்பு மாடத்தின் இந்தப் பக்கம் ஒன்று வைத்தால் அந்தப் பக்கம் ஒன்று வைப்பார்கள். எனவே ஒற்றையாக வந்திருப்பது சந்தேகத்துக்குரியது என்றார். மாஸ்டர் வீட்டுக்கு ஓடிப்போய்த் தங்கையையும் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த தலைவரின் முகம் இருண்டது. அச்சாக ஒரே மாதிரி இரண்டு. தொழிற்சாலையில்தானே ஒரே மாதிரி இரண்டு வரும்? இரண்டுமே சந்தேகத்துக்குரியவை என்று இரண்டையும் பிடித்து வைத்துக்கொண்டார்.

மாஸ்டர் வெறுங்கையோடு வீடு திரும்பினார். தொலைக்காட்சிக்கு இரண்டு பக்கமும் தூசி படியாத இரண்டு வட்டங்கள் இருந்தன. ஒன்றைக் கொண்டுபோய் இரண்டையும் விட்டுவிட்டு வருகிற மனுஷனை என்ன செய்வது என்று மனைவி சுவரைப் பார்த்துக் கேட்டாள். மகள் அந்த வட்டங்களைப் பார்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். சிலை கிடைக்காவிட்டால் பரவாயில்லை அப்பா என்று அவள் சொல்லியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

விசாரணை நாளில் நீண்ட மேஜையின் ஒரு பக்கம் பேரவை உறுப்பினர்கள், மறுபக்கம் மாஸ்டர். நடுவில் அக்காவும் தங்கையும். உறுப்பினர்களில் முக்கியமானவர் முலாம் நிபுணர் அம்மையார். கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கும். தேநீரைக்கூட அதன் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அவர்தான் கால் நகங்களைக் கண்டுபிடித்தார்.

கண்டுபிடித்ததும் எழுந்து நின்று அவர் பேசிய பேச்சைப் பேரவை இன்றும் மேற்கோள் காட்டுகிறது. "உறுப்பினர்களே, அரசனின் தலையை வெட்டிய தேசம் அது. வெட்டப்பட்டவர்களுக்காக வெளிப்படையாக அழுதால் அழுதவர் தலையும் போகும். விசுவாசமுள்ள வெண்கலக் கலைஞன் என்ன செய்வான்? சிலையின் கழுத்தில் சிவப்புப் பூசினால் பிடிபடுவான். ஆகவே காலில் பூசினான். யார் காலைப் பார்க்கப் போகிறார்கள்? இதற்குச் செந்நக மரபு என்று பெயர் சூட்டுகிறேன். இப்படி ஒரு மரபு இருந்ததற்கு எங்கும் ஆதாரமே இல்லை. எவ்வளவு ரகசியமாகக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே ஆதாரம்."

உறுப்பினர்கள் கைதட்டினார்கள். கையுறையோடு தட்டியதால் சத்தம் வரவில்லை. இடது சுண்டுவிரலில் ஏன் பூச்சு இல்லை என்று ஒருவர் சந்தேகம் கேட்டார். அது தப்பிப் பிழைத்த இளவரசர் என்றார் அம்மையார். கேட்டவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாஸ்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். இந்தக் கதை நிலைத்துவிட்டால் சிலைகள் மெய்யாகிவிடும். மெய்யாகிவிட்டால் மகள் அக்கா துணையில்லாமல்தான் விமானம் ஏறவேண்டும். அவர் கையைத் தூக்கி அனுமதி வாங்கிக்கொண்டு எழுந்தார்.

"அம்மா, அது நகப்பூச்சுங்க. என் பொண்ணு ஸ்கூல் சேர்ந்த அன்னைக்குப் பூசினது. எங்க வீட்டு அலமாரியில இருந்த புட்டி."

தலைவர் புன்னகைத்தார். "கவனியுங்கள். பொருளை வைத்திருப்பவரே அதன் பெருமையைக் குறைத்துப் பேசுகிறார். சாதாரண மனிதன் தன் பொருளை உயர்த்தித்தானே பேசுவான்? இவர் எதையோ நம்மிடமிருந்து மறைக்கிறார்."

"மறைக்கலைங்க. உண்மையத்தான் சொல்றேன்."

"மறைக்கிற எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார் தலைவர், பரிவோடு.

மாஸ்டர் அதோடு விடவில்லை. பூச்சைச் சோதனைச்சாலைக்கு அனுப்புங்கள் என்று கெஞ்சினார். அனுப்பினார்கள். இந்தக் காலத்து நகப்பூச்சுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்று முடிவு வந்தது. மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மையார் அதைவிட நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்றைய நகப்பூச்சுக் கம்பெனிகள் பிரெஞ்சு வெண்கலக் கலைஞர்களின் ரகசியக் கலவையைத் திருடித்தான் பிழைக்கின்றன என்பது இதனால் நிரூபணமாகிறது என்று அறிவித்தார். மறுபடியும் சத்தமில்லாமல் கைதட்டினார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவர்கள் கண்ணுக்கு வெளிச்சமும் பேயாகத் தெரிந்தது.

பயண நாள் நெருங்க நெருங்க மாஸ்டர் பேரவைக்கு அலையாய் அலைந்தார். வண்டி ஓட்டப் பழகுகிறவர்களை வைத்துக்கொண்டே அந்த வழியாகப் போவார். பேரவை வாசல் வந்ததும் அவர் கால் தானாக அழுத்தும். பழகுகிறவர்கள் தாங்கள் என்ன தப்புச் செய்தோமென்று மிரள்வார்கள். அப்படி ஒருநாள் இறங்கி உள்ளே போனபோது, பின்கட்டில் இருந்த ஸ்டோர் கீப்பர் அவரைக் கண்டுவிட்டார். அந்தக் கட்டடத்திலேயே கையுறை போடாத ஒரே மனிதர்.

"உங்க சாமான்தானே மாஸ்டர்? வாங்க, வந்து பாருங்க" என்று கூட்டிக்கொண்டு போனார். ஸ்டோர் அறையில் அக்கா தங்கை நான்கு பேராக நின்றிருந்தார்கள்.

மாஸ்டர் மறுபடி எண்ணிப் பார்த்தார். பேரவையில் அது வழக்கமாம். விசாரணைக்கு வந்த பொருளை உறுப்பினர்கள் பார்த்துப் பார்த்துத் தேய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, முதலில் அதற்கு ஒரு நகல் வார்த்துவிடுவார்கள். பிறகு நகலை வைத்துக்கொண்டு விவாதிப்பார்கள். வார்ப்பு, முலாம், கறுப்பு எல்லாம் அசலைப் போலவே இருக்கவேண்டும் என்பது கண்டிப்பு.

"நாங்க அச்செடுத்தப்ப நகத்துல சிவப்பு இருந்துச்சா, அதனால நகலுக்கும் அதே மாதிரி பூசச் சொல்லிட்டாங்க. சுண்டுவிரலக்கூட அதே மாதிரி விட்டுட்டுப் பூசியாச்சு" என்றார் ஸ்டோர் கீப்பர். "அப்புறம் உங்களத உள்ள வெக்கிறதுக்கு முன்னாடி விதிப்படி கழுவினோம். மருந்துத் தண்ணி. அதுல சிவப்பு போயிடுச்சு."

வெறும் காலோடு நின்ற ஒருத்தியை, அக்காவோ தங்கையோ, மாஸ்டர் பார்த்தார். ஒரு காலைப் பந்தில் ஊன்றி, மறுகாலைக் காற்றில் விட்டு, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவள் பாதி வழியில் நிறுத்தப்பட்டதுபோல் இருந்தாள். அவருக்குக் கோபமே வந்ததில்லை என்று சொல்வார்கள். அன்று வந்தது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை. ஸ்டோர் கீப்பர் அசல் இரண்டிலும் 'அசல்' என்றும் நகல் இரண்டிலும் 'நகல்' என்றும் சீட்டு ஒட்டியிருப்பதைக் காட்டி ஆறுதல் சொன்னார். குழப்பமே வராது, கவலைப்படாதீங்க என்றார்.

தீர்ப்பு நாளில் நான்கையும் மேஜைமேல் கொண்டுவந்து வைத்தார்கள். தலைவர் எழுந்தார். "அவையோரே, இதோ சிவப்பு நகம் உள்ள இரண்டு. சிவப்பு நகம் இல்லாத இரண்டு. செந்நக மரபைக் கண்டறிந்த இந்தப் பேரவைக்கு எது மெய் என்று சொல்ல ஒரு நொடி போதும்" என்றவர், சீட்டுகளைக் கண்டதும் நின்றார். சிவப்பு நகத்தின்மேல் 'நகல்' என்று ஒட்டியிருந்தது.

ஸ்டோர் கீப்பர் முன்னால் வந்தார். "ஐயா, கழுவினப்ப சாயம் போயிடுச்சு. சீட்டு நான்தான் ஒட்டினேன். சரியாத்தான் ஒட்டியிருக்கேன்."

"நீங்க ஒட்டினீங்க. அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் தலைவர். "சீட்டை யார் வேணும்னாலும் ஒட்டலாம். நகத்தை ஒட்ட முடியுமா?"

பிறகு அவர் மேடைக் குரலுக்குத் திரும்பினார். "பிறர் ஒட்டிய சீட்டை நம்புகிறவர்கள் அல்ல நாம். நாமே ஒட்டிய சீட்டையும் நம்பாதவர்கள். இந்தப் பேரவை தொடங்கிய நாளிலிருந்து ஒரு தவறும் செய்ததில்லை, ஏனென்றால் ஒரு பொருளையும் மெய் என்று சொன்னதில்லை. இன்று முதன்முதலாகச் சொல்கிறேன். சிவந்த நகம் கொண்ட இந்த இரண்டும் மெய். இவை நாட்டின் சொத்து. நகம் சிவக்காத அந்த இரண்டும் அப்பட்டமான போலி. அவற்றை இவரே எடுத்துக்கொண்டு போகட்டும்."

முலாம் நிபுணர் அம்மையார் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, வெறும் நகத்தைப் பார்த்தாலே போலித்தனம் தெரிகிறது என்றார்.

மாஸ்டரின் வாய் திறந்தது. உண்மை பேசிப் பழகிய வாய். அந்த அறையில் ஏற்கெனவே உண்மையைச் சொல்லி, ஒவ்வொரு முறையும் சந்தேகம்தான் கூடியது என்பது அந்த வாய்க்கு மறந்துபோயிருந்தது. நல்லவேளையாகக் காலுக்கு மறக்கவில்லை. மேஜைக்கு அடியில் அது தரையை ஓங்கி அழுத்தியது. வாய் மூடிக்கொண்டது. இவ்வளவு காலமாக அடுத்தவர் ஓட்டிய வண்டியை நிறுத்திக்கொண்டிருந்த கால் அன்றுதான் அவரை நிறுத்தியது.

ஆனாலும் தலைவர் விடவில்லை. ஏன் மறுப்புச் சொல்லாமல் இருக்கிறீர்கள் என்று கண்ணைச் சுருக்கினார். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு, தான் ஏமாந்துவிட்டதாகச் சொன்னார். அதைத் தலைவர் உடனே நம்பினார். முத்திரை குத்திய சான்றிதழ் கைக்கு வந்தது.

வீட்டில் போர்வையை அவிழ்த்ததும் மனைவி கிட்டே வரவில்லை. தூரத்தில் நின்றே பார்த்தாள். பிறகு மெஷினில் இருந்த விளக்கைக் கழற்றிக்கொண்டு வந்து, குனிந்து, காலைப் பார்த்தாள்.

"இது நம்மளோடது இல்ல. மாத்திட்டாங்க."

மாஸ்டர் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். நகல் வார்த்தது, மருந்துத் தண்ணீர், சீட்டு, தீர்ப்பு. அவள் கேட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் பொறுத்து, எந்தத் தண்ணியில கழுவினாங்கன்னு சொன்னீங்க என்று பேச்சுவாக்கில் கேட்டாள். அவர் மாற்றிச் சொல்லவில்லை. ஆனாலும் அவள் முகம் தெளியவில்லை. அவள் அப்பாவின் கையிலிருந்து வந்த பொருள். அதை இப்போது தன் கண்ணாலேயே அடையாளம் காண முடியவில்லையே என்று அவள் உதடு துடித்தது. அவள் அழுது மாஸ்டர் பார்த்ததில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து சான்றிதழை எடுத்து நீட்டினார்.

"இதப் பாரு. போலின்னு அவங்களே முத்திரை குத்திக் குடுத்திருக்காங்க. அசல்ங்கிறதுக்கு இதவிட என்ன சாட்சி வேணும்?"

மனைவி அதை இரண்டு முறை படித்தாள். இரண்டாவது முறை படிக்கும்போது அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. அப்போது மகள் தன் கைப்பையிலிருந்து நகப்பூச்சுப் புட்டியை எடுத்துத் திறந்தாள். மாஸ்டரின் கால் தரையை அறைந்த சத்தத்தில் மூவருமே திடுக்கிட்டார்கள்.

"இப்ப வேணாம்மா. பூசினா அசலாயிடும். அசலாயிட்டா பிடிச்சு வெச்சுக்குவாங்க. போய்ச் சேர்ந்து பூசிக்கோ."

விமான நிலையத்தில் சான்றிதழைப் பார்த்த அதிகாரி, இவ்வளவு மட்டமான போலியை எதற்குச் சுமந்துகொண்டு போகிறீர்கள் என்று மகளிடம் கேட்டாராம். அம்மாவோட ஞாபகத்துக்கு என்றாளாம் அவள்.

தொலைக்காட்சிக்கு ஒரு பக்கம் தங்கை தனியாக நின்றாள். இன்னொரு பக்கத்து வட்டத்தில் தூசி படிந்துகொண்டு வந்தது. மனைவி அதைத் துடைக்கவுமில்லை, வேறு எதையும் அங்கே வைக்கவுமில்லை. மாஸ்டர் அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தார். ஒரு காலையில் மகளிடமிருந்து படம் வந்தது. யாரோ வாழ்ந்த வீட்டின் ஜன்னலோரம், வெளியே முன்பின் தெரியாத தெரு, நடுவில் அக்கா, சிவந்த நகங்களோடு. மனைவி செல்போனை வாங்கி, படத்தை விரலால் பெரிதாக்கி, மூக்கின் அருகே வைத்து வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் திருப்பிக் கொடுத்தாள்.

"இடது சுண்டுவிரல விட்டிருக்கா" என்றாள். "நம்ம பொண்ணுதான் பூசியிருக்கா."

எழுந்து போய் அலமாரியைத் திறந்து தன் நகப்பூச்சுப் புட்டியை எடுத்துக்கொண்டு தங்கையின் காலடியில் உட்கார்ந்தாள். முதல் விரலில் தூரிகையை வைக்கப் போனவள் நிறுத்தி, தெருப்பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"என்னங்க, அந்தக் கதவைச் சாத்துங்க. யாராவது பாத்துடப் போறாங்க."

மாஸ்டர் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கால் தரையில் சும்மா இருந்தது.